கதவுக்கு வெளியே கொடுவா

கொடுவா மீனுக்கு மலேசியாவில் சியாக்காப் என்று பெயர். சந்தையிலும் சாப்பாட்டுக் கடையிலும் தூண்டில்காரர் பேச்சிலும் அந்த மலாய்ப் பெயர்தான் புழங்குகிறது. ஆங்கிலத்தில் இதை ‘பாஸ்’ வகையோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் பெயரை நம்பி மீனை வகைப்படுத்த முடியாது. அமெரிக்க ஆறுகளில் பிடிபடும் பாஸ் ஒரு குடும்பம், கொடுவா இன்னொரு குடும்பம், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் பெருகியிருக்கும் பீகாக் பாஸ் மூன்றாவது குடும்பம். முள்துடுப்பும் அகன்ற வாயும் உள்ள மீனைக் கண்ட இடத்திலெல்லாம் ஆங்கிலம் பேசியவர்கள் தங்களுக்குப் பழகிய பெயரையே வைத்துவிட்டுப் போனார்கள்.

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான் வழியாக சபாக் பெர்ணம் வரை நீளும் கரையில் இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு ஒரு பயன் உண்டு. இங்கே தூண்டிலில் விழும் இரண்டு ‘பாஸ்’களில் கொடுவா இந்த மண்ணுக்கே உரியது; கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வர வழி இருந்தால்தான் ஆற்றில் இனம் தொடரும். பீகாக் பாஸுக்கு அப்படி ஒரு வழியே வேண்டாம். தேங்கிய நீர் போதும். ஒரு நீர்நிலையில் இவற்றில் எது கிடைக்கிறது என்று பார்த்தாலே அந்த நீருக்கு என்ன ஆயிற்று என்பது பாதி விளங்கிவிடும்.

கொடுவாவின் வாழ்க்கை கழிமுகத்தில் தொடங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தாய்மீன்கள் ஆற்றுவாயில், நல்ல உப்பு நீரில் முட்டையிடும். பெரிய மீன் ஒன்று பல இலட்சம் முட்டைகளை விடும். பொரிந்த குஞ்சுகள் ஏற்ற நீரோடு அலையாத்திக் காட்டுக்குள்ளும் சிற்றோடைகளுக்குள்ளும் ஏறுகின்றன. அங்கே இரையும் உண்டு, ஒளிய வேரிடுக்கும் உண்டு. கொஞ்சம் வளர்ந்தபின் பல குஞ்சுகள் நன்னீருக்குள் வெகுதூரம் போய்விடும். மூன்று நான்கு வயதில் ஆண்மீனாகப் பருவமடைந்து கழிமுகத்துக்கு இறங்கும். அதன்பின் நடப்பதுதான் விசித்திரம்: ஆறு வயதைத் தாண்டும் காலத்தில் அதே மீன் பெண்ணாக மாறிவிடும். அதனால் ஆற்றில் கிடைக்கும் இளமீன்கள் பெரும்பாலும் ஆண்கள், கழிமுகத்துப் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண்கள். மிகப் பெரிய கொடுவாவைப் பிடித்துப் படமெடுத்துக்கொள்பவர் கையில் இருப்பது அநேகமாக முட்டையிடும் தாய்.

தூண்டில்காரருக்கு இதில் தெரிந்திருக்க வேண்டியது ஓதக் கணக்கு. இந்தக் கரையில் நாளைக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் கிள்ளான் துறைமுகப் பக்கம் 4 மீட்டரை ஒட்டி இருக்கும். நீர் திரும்பும் வேளையில் சிறுமீனும் இறாலும் ஓட்டத்தில் அடித்துவரப்படும். கொடுவா பாலத்தூண், நீப்பா பனைத் தூறு, விழுந்த மரம் என்று ஏதாவதொன்றின் மறைவில் நின்று அவற்றை வாங்கிக்கொள்ளும். உயிர் இறால் அதற்கு நல்ல இரை. செவுள் மூடியின் ஓரம் கத்திபோல் இருப்பதால் மெல்லிய நரம்பு அறுந்துபோகும். நுனியில் தடித்த நரம்பு கட்டாதவர் மீனையும் இழப்பார், கொக்கியையும் இழப்பார். கழிமுகத்திலும் அதற்குக் கொஞ்சம் மேலேயும் ஊடாங் காலா எனப்படும் பெரிய ஆற்று இறாலுக்கு ஆட்கள் தூண்டில் போடுவார்கள். அந்த இறாலின் பயணமும் இதே பாதைதான். நன்னீரில் வாழும் தாய் இறால் குஞ்சு பொரிக்கக் கழிமுகத்துக்கு இறங்கி வரும். அதன் குஞ்சு உப்புக் கலந்த நீரில்தான் பிழைக்கும்.

ஆக, இரண்டுக்குமே ஆறு அறுபடாமல் இருக்க வேண்டும். இந்த வட்டாரத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அந்த ஆறு அறுபட்ட வரலாறு.

முதல் அடி மேல்மடையில் விழுந்தது. தித்திவங்சா மலைத்தொடரில் பிறக்கும் சிலாங்கூர் ஆறு கோல குபுவைத் தொட்டுக் கீழே வருகிறது. 1883 அக்டோபரில் அங்கிருந்த பழைய அணை உடைந்து ஊரை அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரியாக இருந்த செசில் ரேங்கிங் அதில் இறந்தார். அந்த இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை என்றே பெயர். வெள்ளம் ஒருநாள் வந்து போனது, வண்டல் போகவில்லை. மலைச்சரிவுகளில் ஈயம் தோண்டியவர்கள் கழுவிவிட்ட மண் ஆண்டுக்கு ஆண்டு ஆற்றில் இறங்கி, படுகை உயர்ந்துகொண்டே வந்தது. 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் ஊரையே மேட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இன்றைய கோல குபு பாரு அப்படி உருவான புதிய ஊர்.

ஊர் இடம் மாறியதைப் புத்தகங்கள் எழுதிவைத்தன. மீனுக்கு நேர்ந்ததை அவ்வளவு கவனமாக யாரும் எழுதவில்லை. ஆனால் மண் நிறைந்த ஆற்றில் என்ன நடக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். வளைந்து ஓடும் ஆற்றில் வெளிவளைவு ஆழமான மடு, உள்வளைவு மணல்மேடு. பெரிய மீன் மடுவில் நிற்கும், சிறுமீன் மேட்டில் மேயும். வண்டல் முதலில் தூர்ப்பது மடுவை. கற்களுக்கு இடையிலுள்ள சந்துகள் அடைபட்டால் அங்கே முட்டையிடும் மீன்களுக்கும் வாழும் பூச்சிகளுக்கும் இடமில்லை. தெளிந்த, வேகமான நீரில் வேட்டையாடும் செபாராவ் போன்ற மலையாற்று மீன்கள் மேலும் மேலும் மேலே ஒதுங்கும். இன்று செபாராவ் தேடிப் போகிறவர்கள் காட்டு ஓடைகளுக்கும் அணைக்கட்டு ஏரிகளுக்கும் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடற்கரைப் பக்கத்தில் நடந்தது வேறு. செகிஞ்சானின் நெல்வயல்கள் சுற்றுலாப் படங்களில் பச்சைக் கம்பளமாகத் தெரிகின்றன. ஒரு காலத்தில் அது சதுப்பு. உள்நாட்டுப் பக்கம் கரிச்சதுப்புக் காடு, கடல் பக்கம் அலையாத்திக் காடு, நடுவே களிமண் தாழ்நிலம். 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் இந்தத் தாழ்நிலத்தில் சுமார் 20,000 ஹெக்டேரை வயலாக்கியது. பெர்ணம் ஆற்றை மறித்து, கால்வாய் வழியாகத் தெங்கி ஆற்றுக்கு நீரைத் திருப்பி, அங்கிருந்து தாலி ஆயிர் என்று எல்லாரும் சொல்லும் பாசன வாய்க்கால்களுக்குப் பிரித்தார்கள். வளைந்து கிடந்த ஓடைகள் நேர்கோடாயின. நேர்கோட்டு வாய்க்காலில் நீர் ஒழுங்காகப் போகும். மடுவும் இருக்காது, மேடும் இருக்காது.

உப்புநீர் வயலுக்குள் வராமலிருக்கக் கடலோரம் நெடுக மண்வரப்பு போட்டு, ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் நீர்க்கதவுகள் வைத்தார்கள். இந்தக் கதவு வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும். வற்றத்தில் கடல் தாழும்போது கதவு திறந்து, வாய்க்கால் நீர் வெளியேறும். ஏற்றத்தில் கடல் உயரும்போது கதவு மூடிக்கொள்ளும். விவசாயிக்கு வேண்டியது அதுதான். கொடுவாக் குஞ்சோ ஏற்ற நீரோடுதான் உள்ளே வரும். கதவு மூடும் வேளையும் குஞ்சு வந்து சேரும் வேளையும் ஒன்று. திறந்திருக்கும்போது நீர் வேகமாக வெளியே பாய்கிறது. விரல் நீளக் குஞ்சு அதை எதிர்த்து ஏற முடியாது. யாரும் மீனுக்குக் கெடுதல் நினைத்துச் செய்ததல்ல. நெல்லுக்குச் சரியான கணக்கு மீனுக்குத் தவறிப்போயிற்று, அவ்வளவுதான். கதவடியில் தூண்டில் போடுபவர்களுக்கு நல்ல மீன் கிடைப்பதும் இதனால்தான். உள்ளே போக முடியாதவை வெளியே காத்து நிற்கின்றன.

வரப்புக்கு உட்பக்கம் என்ன ஆகும் என்பதைப் பார்க்க கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா நல்ல இடம். மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியில் 1987இல் அமைந்த பூங்கா அது. வரப்பின் கடல் பக்கம் இன்னும் அலையாத்தி. நிலப் பக்கம் ஓத நீர் எட்டாததால் அலையாத்தி பட்டுப்போய் வேறு மரங்கள் எழுந்துவிட்டன. வரப்பின் மேல் நின்று இடமும் வலமும் பார்த்தால் போதும், விளக்கவுரை வேண்டாம்.

வாய்க்காலில் மீன் இல்லாமல் போய்விடவில்லை. விரால், பனையேறிக் கெண்டை, கெளுத்தி ஆகியவை காற்றை நேராகச் சுவாசிக்க வல்லவை; நீர் கெட்டாலும் தாக்குப்பிடிக்கும். சயாமிலிருந்து கொண்டுவரப்பட்ட செப்பாட் சயாம் நெல்வயலையே வீடாக்கிக்கொண்டது. முன்பு ஆண்டுக்கு ஒரு போகம். நீர் மாதக்கணக்கில் வயலில் நின்றதால் மீன் வளர்ந்து பெருத்தது. 1960களில் இரு போகம் வந்தபின் நீர் அடிக்கடி வடிக்கப்பட்டது, பூச்சிமருந்தும் கூடியது. நெல் இரட்டித்தது, வயல் மீன் குறைந்தது.

கரிச்சதுப்புக் காட்டின் கதை தனி. ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகள் சேர்ந்து 70,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கின்றன. அங்குள்ள நீர் கட்டங்காப்பி நிறத்தில், கடும் புளிப்போடு இருக்கும். அதிலும் மீன் உண்டு; 1992இல் அறிவியல் பெயர் பெற்ற பெட்டா லிவிடா என்ற சின்னஞ்சிறு சண்டைமீன் சிலாங்கூரின் கரிச்சதுப்பைத் தவிர வேறெங்கும் இல்லை. இந்தக் காடு மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. வயலுக்கு வறட்சியில் வரும் நீரில் அதன் பங்கு உண்டு. ஓரத்தில் வடிகால் வெட்டினால் கரிமண் சுருங்கித் தாழும். தாழ்ந்த நிலத்தை மறுபடி வடிக்க இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும். காய்ந்த கரிமண் தீப்பிடித்தால் நிலத்தடியில் வாரக்கணக்கில் புகையும். கடலோரக் களிமண்ணிலோ கந்தகம் கலந்திருக்கிறது. அது காற்றுப் பட்டு அமிலமாகும். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில் வாய்க்காலில் மீன் செத்து மிதந்தால் யாரோ விஷம் வைத்தார்கள் என்று சந்தேகிப்பதற்கு முன் மண்ணையும் சந்தேகிக்கலாம்.

தோட்டங்கள் ஆற்றைத் தொட்டது இன்னொரு வழியில். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயரில் இருப்பது தென்னை, நாட்டை மாற்றியது செம்பனை. பால்மரம் போய்ச் செம்பனை பரவியபின் ஆலைக்கழிவு ஆற்றுக்கு வந்தது. சுத்திகரிக்காத கழிவு, வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு வீரியமாக நீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும். 1970களில் தோட்டத்து ஆறுகள் நாறியதற்குக் காரணம் அது. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் 1977இல் செம்பனை ஆலைகளுக்கான விதிகளும் வந்தன. கழிவு தின்னக்கூடிய உயிர்வளிக்கு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று தொடங்கிய வரம்பு 1984க்குள் படிப்படியாக 100 ஆக இறங்கியது. மலேசியச் சூழல் சட்டங்களில் உருப்படியாக வேலை செய்ததென்று சொல்லத்தக்கவற்றில் இது ஒன்று. ஆனால் ஆற்றில் கழிவு கலப்பது அதோடு முடிந்துவிடவில்லை. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்துச் சிற்றாறு ஒன்றில் கலந்த வேறொரு தொழிற்சாலைக் கழிவால் சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது.

பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றி ஈயக்கப்பல்கள் தோண்டிய குட்டைகள் ஏராளம். 1985இல் ஈய விலை சரிந்தபின் கப்பல்கள் நின்றன, குட்டைகள் தங்கிவிட்டன. ஓட்டமில்லாத, ஆழமான, வெதுவெதுப்பான நீர். பீகாக் பாஸுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. அமேசான் பக்கத்து மீன் அது. உடலில் மூன்று கரும்பட்டை, வாலில் கண்போன்ற புள்ளி. பகலில் பாய்ந்து இரை எடுக்கும், செயற்கை இரையை ஆவேசமாக அடிக்கும். தூண்டில்காரருக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. பிடித்துப்போனதால்தான் குட்டைக்குக் குட்டை கைமாற்றி விட்டார்கள். முட்டையையும் குஞ்சையும் தாயும் தகப்பனும் சேர்ந்து காப்பதால் பெருக்கம் வேகம். பனாமாவின் கட்டூன் ஏரியில் 1967ஐ ஒட்டி இது நுழைந்த சில ஆண்டுகளில் அங்கிருந்த உள்ளூர்ச் சிறுமீன்கள் பெரும்பாலும் மறைந்ததை 1973இல் இரு ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கொசுப்புழு தின்னும் மீன்களும் அதில் அடக்கம்.

குட்டை தனியே கிடந்தால் சேதமும் தனியே கிடக்கும். அப்படிக் கிடக்கவில்லை. வெள்ளத்தில் குட்டையும் ஆறும் கலக்கும். 2014ஆம் ஆண்டு வறட்சியில் பெஸ்தாரி ஜெயா குட்டைகளின் நீரைச் சிலாங்கூர் ஆற்றில் இறைத்தும் குடிநீர் சமாளிக்கப்பட்டது. சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களின் குடிநீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றிலிருந்து வருகிறது. மேலே இரண்டு அணைகள், கீழே இறைப்பு நிலையங்கள் என்று ஆறு கணக்குப் போட்டு விடப்படும் நீராகிவிட்டது. கீழ்ப்பக்கம் நன்னீர் குறைந்தால் கடலின் உப்பு மேலேறும். கம்போங் குவாந்தானில் மின்மினிகள் கூடும் பெரெம்பாங் மரங்கள் உவர்ப்பும் நன்னீரும் கலந்த அந்த இடைப்பட்ட நீரை நம்பி நிற்பவை. ஊடாங் காலாவும் அந்த எல்லையைத் தேடித்தான் இறங்குகிறது.

வலையிலும் தூண்டிலிலும் பிடித்துத்தான் மீன் தீர்ந்தது என்று சொல்வது எளிது. மின்சாரம் பாய்ச்சியும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். அது தேவையான சட்டம். ஆனால் தூண்டில் போடாத ஆண்டிலும் கதவு மூடத்தான் செய்கிறது. கொடுவாக் குஞ்சைப் பண்ணையில் பொரிக்கவைக்கத் தாய்லாந்து 1970களிலேயே கற்றுக்கொண்டது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இந்திய ஆய்வு நிலையம் 1997இல் அதைச் செய்தது. அதனால் சந்தையில் சியாக்காப்புக்குப் பஞ்சமில்லை. கூண்டில் வளர்ந்த மீனுக்கு ஆறு தேவைப்படவில்லை.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இதே மாதிரி நீர்க்கதவுகள் சிலவற்றில் சிறு திறப்பு ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். மிதவை ஒன்று அதை இயக்கும். ஏற்றத்தின் முதல் பாதியில் கொஞ்சம் கடல்நீர் உள்ளே வரும், அதோடு குஞ்சும் வரும். நீர் குறித்த அளவை எட்டியதும் திறப்பு மூடிக்கொள்ளும், நிலத்துக்கு உப்பு ஏறாது. புதுக் கதவு வேண்டாம், இருக்கிற கதவிலேயே வெட்டிப் பொருத்தலாம்.