வைரஸ் அடங்கியாச்சு, எதிர்ப்புச் சக்தி ஏன் இன்னும் வரலை?

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடிச்சாங்க. அப்போ இதுக்கு மருந்தே கிடையாது. 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாச்சு. இன்னைக்கு நம்ம அஞ்சுகிராமத்தில் ஒருத்தருக்குத் தேவைப்பட்டா, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே மாத்திரை வாங்கிக்கலாம். தினமும் ஒழுங்கா சாப்பிட்டா, டெஸ்ட்டில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைஞ்சிடும். அந்த நிலை நீடிக்கிற வரை உடலுறவு மூலமா இன்னொருத்தருக்குப் பரவாது.

ஆனா எல்லாருக்கும் கதை அங்கே முடியறதில்லை. சி.டி.4 என்பது நம்ம எதிர்ப்புச் சக்தியை வழிநடத்துற வெள்ளை அணு. ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 வரை இருக்கும். சிகிச்சையில் இருக்கிற சிலருக்கு, வைரஸ் அடங்கி வருஷக்கணக்கான பிறகும் இது 350-ஐக் கூடத் தாண்டாது. லேப்டாப்பில் வைரஸை நீக்கின பிறகும் அழிஞ்ச ஃபைல் திரும்பி வராத மாதிரி. "மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டான்"னு ஊர் சொல்லும். பழி அவங்க மேல இல்லை. பெரும் காரணம் குடலில் இருக்கு.

குடலில் என்ன நடக்குது?

நம்ம எதிர்ப்புச் சக்தி செல்களில் பெரும்பகுதி குடல் சுவரை ஒட்டித்தான் இருக்கு. தொற்று வந்த சில வாரங்களிலேயே எச்.ஐ.வி. அங்குள்ள சி.டி.4 செல்களைக் கொத்துக் கொத்தா அழிச்சிடுது. அதில் டி.ஹெச்.17 என்ற வகைதான் குடல் சுவரைப் பராமரிக்கிற ஆள். அது போனதும் சுவரில் கசிவு. பாக்டீரியாவின் துண்டுகள் ரத்தத்தில் கலக்குது. உடம்பு எந்நேரமும் சண்டைக்குத் தயாரா நிக்குது; அந்த ஓயாத அழற்சியில் புது செல்களும் களைச்சு அழியுது. இதோட, நார்ச்சத்தைச் சாப்பிட்டு பியூட்டிரேட் தயாரிச்சு குடல் சுவருக்கு உணவூட்டுற நல்ல பாக்டீரியாக்களும் குறையுது. மாத்திரை வைரஸை நிறுத்தும். கசிவை முழுசா அடைக்காது.

அப்போ தயிரும் பழங்கஞ்சியும் போதுமா?

வாட்ஸ்அப் அப்படித்தான் சொல்லும். புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிலதில் அழற்சி கொஞ்சம் குறைஞ்சது, சி.டி.4 உறுதியா ஏறும்னு நிரூபணமாகலை. சி.டி.4 ரொம்பக் குறைவா இருக்கிறவங்க புரோபயாடிக் மாத்திரையை டாக்டரைக் கேட்காம எடுக்கவே கூடாது. இன்னொன்னு, சோறும் பருப்பும் காய்கறியும் சாப்பிடுற நம்ம ஆட்கள் பலரின் குடலில் பிரெவோடெல்லா பாக்டீரியா இயல்பாவே அதிகம். மேலைநாட்டு ஆய்வு முடிவை அப்படியே இங்கே காப்பி பேஸ்ட் பண்ண முடியாது. தயிரும் கஞ்சியும் நல்ல சாப்பாடு, தாராளமா சாப்பிடலாம். மாத்திரைக்கு மாற்று மட்டும் இல்லை.

இப்போதைக்கு நம்ம கையில் இருக்கிற பெரிய ஆயுதம் நேரம்தான். எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குறோமோ, அவ்வளவு சி.டி.4 மீளும். சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியானதுமே சிகிச்சை என்பது 2017 முதல் இந்தியாவின் கொள்கை. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் டெஸ்ட் இலவசம், ரகசியம். சந்தேகம் இருந்தா 1097-க்கு ஒரு கால் போடுங்க. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும் குடல் சுவரில் விழுற இன்னொரு ஓட்டை.