கல்வராயன் மலையில் மோட்டார் சைக்கிள் மோகம்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக மலை ஏறும் பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நின்று பாருங்கள். எழுபது ஆண்டு மோட்டார் சைக்கிள் சரித்திரம் உங்களைக் கடந்து போகும்!

முதலில் 'பட், பட்' என்று அதிர்ந்து வருவது புல்லட். 1955-ல் சென்னை திருவொற்றியூரில் என்பீல்டு நிறுவனம் தொடங்கியது முதல் நம் ஊர்ச் சாலைகளில் இதற்குத் தனி மரியாதை. அந்தக் காலத்துப் புல்லட்டை உதைப்பதே ஒரு வித்தை! ஆம்பியர் முள்ளைப் பார்த்து, சிறு நெம்புகோலை அழுத்தி, பிஸ்டனை உரிய இடத்துக்குக் கொண்டுவந்த பிறகே உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் வண்டி திரும்ப உதைக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பழகியவருக்கு வேறு வண்டி பிடிக்காது. பழகாதவருக்கு இது பிடிபடாது.

1961 முதல் மைசூரில் தயாரான ஜாவாவிலோ வேறொரு வேடிக்கை. உதைக்கிற மிதியே மடங்கி, கியர் மிதியாகிவிடும்!

மைலேஜ் மந்திரம்

1985-ல் காற்று திசை மாறியது. ஜப்பானியக் கூட்டில் ஹீரோ ஹோண்டா சி.டி.100, யமஹா ஆர்.எக்ஸ்.100 இரண்டும் ஒரே ஆண்டில் வந்தன. வாலிபர்கள் யமஹாவின் சீற்றத்துக்கு மயங்கினார்கள். மாதச் சம்பளக்காரரும் கரும்பு விவசாயியும், "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டு ஹோண்டா பக்கம் சாய்ந்தார்கள். யமஹாவில் சீறிய வாலிபரே, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்ததும் ஹோண்டாவுக்கு மாறியதும் உண்டு. இதை ரசனை மாற்றம் என்பதா, பொறுப்பு என்பதா?

மலை கேட்பது வேறு

வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து மலைவாழ் மக்களின் கணக்கே தனி. மரவள்ளிக் கிழங்கு மூட்டையை முன்னால் வைக்க இடம் உண்டா? பழுதானால் பக்கத்திலேயே சரி செய்யலாமா? இவைதான் அவர்களுடைய கேள்விகள். 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-ம், பின்னால் வந்த எக்ஸ்.எல். வண்டிகளும் இங்கே செல்லப்பிள்ளைகளானது அதனால்தான். பஸ் எட்டாத சிற்றூரில் காய்ச்சல்காரரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்கு இறக்கும் வாகனமும் இதுவே. அப்போது நிறத்தையும் ஒலியையும் யார் பார்ப்பார்கள்?

சமவெளியிலிருந்து மேகம் அருவியைப் பார்க்க வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. பெட்ரோலை மிச்சம் பிடிக்க எண்ணி, கியரை விடுவித்து உருளவிடுவது ஆபத்து. எஞ்சினின் பிடிப்பு போய்விடும். முழுச் சுமையும் பிரேக்கில் விழுந்து அது சூடேறும். ஆர்.எக்ஸ்.100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சினின் பிடிப்பு இயல்பாகவே குறைவு. புல்லட்காரர்கள் கீழ்க் கியரில் நிதானமாக இறங்குவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது பழைய மோகம் திரும்பியிருக்கிறது. 2009-ல் கிளாசிக் 350 வந்தது. 2018-ல் ஜாவாவும் புதுப்பிறவி எடுத்தது. 1996-ல் உற்பத்தி நின்ற ஆர்.எக்ஸ்.100-க்கோ, நல்ல நிலையில் கிடைத்தால், அன்றைய விலையைப்போல் பல மடங்கு கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனால் அன்றைய புல்லட்காரருக்கு இன்று வயது எழுபதுக்கு மேல். அந்தக் கனத்தை ஸ்டாண்டில் ஏற்ற முழங்கால் இடம் கொடுப்பதில்லை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவுக்கு அவர் போவது ஸ்கூட்டரில்தான்.

வீட்டு வாசலில் பேரனின் புதுப் புல்லட் நிற்கிறது. பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடுகிறது. பெரியவர் அருகில் போய்க் குனிந்து பார்க்கிறார். ஆம்பியர் முள் எங்கே என்று தேடுகிறார்.