கேட்டுப் பெற்ற குரல்

போடிமெட்டுச் சாலையில் விடியற்காலையில் ஏறிச் செல்லும் ஜீப்புகளை நாம் அறிவோம். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பர். அவ்வாறு பல்லாண்டுகள் மலையேறிய ஒருவர், ஞாயிறுதோறும் ஆலயப் பாடகர் குழுவில் முன்னின்று பாடி வந்தார். தொண்டையில் புற்றுநோய் கண்டு, குரல்வளையை அகற்றினர். உயிர் பிழைத்தார், பாட்டு போயிற்று.

அண்மையில் அவருடைய மகள் பழைய ஒலிநாடா ஒன்றுடன் பங்கு இல்லத்திற்கு வந்தாள். "சாமி, இதுல அப்பா பாடினது இருக்கு. இத வச்சு அவரு குரல்லயே போன் பேசுமாம். செய்யலாமா, தப்பா?"

"அப்பாவைக் கேட்டாயா?" என்றேன். கேட்கவில்லை என்றாள்.

அன்பார்ந்த வாசகர்களே, அவள் சொன்னது கற்பனையன்று. செயற்கை நுண்ணறிவு என்னும் கணினி நுட்பம், பதிவான குரலின் ஏற்ற இறக்கத்தையும் மூச்சையும் பழகிக்கொண்டு, அக்குரலுக்குரியவர் ஒருநாளும் சொல்லாத சொற்களை அவர் குரலிலேயே ஒலிக்கச் செய்கிறது. ராண்டி டிராவிஸ் என்னும் அமெரிக்கப் பாடகர் 2013இல் பக்கவாதத்தால் பாடும் திறனை இழந்தார். வேறொருவர் பாடிய பாட்டின்மேல் அவருடைய பழைய குரலை இந்நுட்பத்தால் ஏற்றி, 2024இல் புதிய பாடலொன்று வெளிவந்தது. அவர் உடனிருந்து, இசைந்து நடந்த பணி அது. ஊனமுற்றோருக்கு இது பெருங்கொடை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இறந்தவர் குரல்? நமக்கு அண்மையிலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் மகள் பவதாரிணி, 2024 ஜனவரி 25 அன்று கொழும்பில் காலமானார். தேனி மாவட்டத்திலேயே அடக்கமானார். அவ்வாண்டே, 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாடலில் அவர் குரல் இந்நுட்பத்தால் மீண்டும் ஒலித்தது. இசையமைத்தவர் தம்பி யுவன் சங்கர் ராஜா. அதே ஆண்டில் 'லால் சலாம்' படத்திற்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதையும், உரிய ஊதியம் அனுப்பியதையும் அவரே அறிவித்தார். மாறாக, எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைத் தெலுங்குப் படமொன்றில் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக, அவர் மகன் சரண் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்ப நேர்ந்தது.

குடும்பத்தாரின் இசைவு இறந்தவரின் இசைவுக்கு முற்றும் ஈடாகுமா? ஆகும் என்று உறுதியாகச் சொல்ல என் மனம் துணியவில்லை. ஆயினும் கேட்டுப் பெறுவதற்கும் கேளாமல் எடுப்பதற்கும் உள்ள வேற்றுமையை மலைமக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேலியோரம் கைக்கெட்டினாலும் அடுத்த தோட்டத்துக் காயைப் பறித்தால் அது களவே. (களவுக் காய் விற்பவன் விலை பேசும் சாதுரியம் தனிக் கதை!) 2026ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாளுக்கு, மனிதக் குரல்களையும் முகங்களையும் காப்பது என்பதையே திருத்தந்தை பதினான்காம் லியோ பொருளாகத் தந்தார்.

மறுவாரம் மகள் மீண்டும் வந்தாள். தந்தை சிலேட்டில் எழுதியதை அப்படியே கொண்டு வந்திருந்தாள்: "பேசட்டும். பேத்திய பேர் சொல்லிக் கூப்பிடணும். கோயில் பாட்டு மட்டும் வேணாம், அத இப்ப இருக்குற பிள்ளைக பாடட்டும்."

ஒலிநாடா சற்றுத் தேய்ந்திருக்கிறது. அதைத் துலக்கித் தருவோரை மதுரையில் தேடிக்கொண்டிருக்கிறோம்.