அசையாத நீரில் இறங்கும் விமானம்

கண்டி நகருக்கு விமான நிலையம் கிடையாது. ஆனாலும் அங்கே விமானம் இறங்கியிருக்கிறது! மகாவலி கங்கையை மறித்து 1976-இல் உருவான பொல்கொல்ல நீர்த்தேக்கமே அதற்கு இறங்குதளம். சினமன் எயார் நிறுவனம் அங்கே இறக்கியது, மிதவையும் சக்கரமும் சேர்ந்த செஸ்னா 208 ரகச் சிறு விமானங்களை.

இத்தகைய விமானங்களுக்குப் புயலைப் போலவே அமைதியும் ஆபத்தாகலாம். காற்றில்லாத காலையில் நீர் அசையாது கிடக்கும். மலையும் வானமும் அதில் அப்படியே தெரியும். பார்க்க எத்தனை அழகு! ஆனால் நீர்மட்டம் எங்கே இருக்கிறதென்று விமானியின் கண்ணால் கணிக்க முடியாது. கைதேர்ந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். இன்னும் உயரம் இருக்கிறதென்று நம்பி இறங்கினால் மிதவைகள் நீரில் பலமாக மோதும். நீர் நெருங்கிவிட்டதென்று எண்ணி முன்கூட்டியே மூக்கைத் தூக்கி வேகத்தை இழந்தாலோ, விமானம் தொப்பென்று விழும்.

எனவே கண்ணை மட்டும் நம்பாமல் இறங்கப் பயிற்சி தருகிறார்கள். கரையை ஒட்டிப் பறந்தால் மரங்களைக் கொண்டு உயரத்தை அறியலாம். பிறகு மூக்கைச் சற்று உயர்த்தி, இயந்திர விசையை விடாமல், நிமிடத்துக்குச் சுமார் 150 அடி வீதம் இறங்கி, மிதவை நீரைத் தொடும்வரை அதே நிலையில் காத்திருக்க வேண்டும். இதற்கு நீளமான நீர்ப்பரப்பு தேவை. மலைகள் நெருக்கும் பள்ளத்தாக்கில் இடம் தாராளமில்லை.

இன்னொன்று: சக்கரங்கள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். அவை நீட்டியபடி நீரைத் தொட்டால், விமானம் தலைகுப்புறக் கவிழக்கூடும்.