ஒரு டம்ளர் தண்ணீருக்கு எவ்வளவு வழி?

கீசரில் தண்ணீர் சூடேறும்போது மட்டும் அதன் சேஃப்டி வால்வு சொட்டினால், ‘ஒழுகுது’ என்று எம்-சீல் வைத்து அடைத்துவிடுபவர்கள் உண்டு. அடைக்கவே கூடாது. 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் சுமார் 200 மில்லி கூடிவிடும். அதாவது ஒரு டம்ளர். வந்த குழாயிலேயே திரும்ப வழியிருந்தால் சரி. நான்-ரிட்டர்ன் வால்வு மறித்தால் அந்த டம்ளர் எங்கே போகும்?

காற்றாக இருந்தால் நெருக்கியடித்து உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் அப்படியில்லை. இருபுறமும் மூடிய இரும்புக் குழாய் நிறையத் தண்ணீர் நின்றால், வெயிலில் ஒரு டிகிரி ஏறினாலே அழுத்தம் சில பார் எகிறும். கொஞ்சம் வெளியே விட்டால் உடனே இறங்கியும்விடும். அதனால் வெயிலுக்கென்று வைக்கும் ரிலீஃப் வால்வு பெரும்பாலும் முக்கால் இஞ்ச் இருந்தால் போதும்.

பம்ப் சமாசாரம் வேறு. போகும் வழி அடைபட்டது பிஸ்டன் பம்புக்குத் தெரியாது, தள்ளிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 500 லிட்டர் தள்ளுகிறது, வால்வு 10 பாரில் திறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திரவங்களுக்கு வழக்கமாக அதற்கு மேல் 10 சதவீதம் விட்டுக்கொடுப்பார்கள். ஆக, 11 பாரில் அந்த 500 லிட்டரும் வெளியேறியாக வேண்டும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் நொடிக்கு 47 மீட்டர் வேகத்தில் பீறிடும். கணக்குப்படி 178 சதுர மில்லிமீட்டர் துளை போதும். ஆனால் வால்வுக்குள் தண்ணீர் வளைந்து திரும்புகிறது, தாரையும் ஒடுங்குகிறது. அதற்காக 0.65 ஆல் வகுத்தால் 273 வரும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) தரப்படி துளைகளுக்கு ‘டி’ முதல் ‘டீ’ வரை, அதாவது ஆங்கில நான்காம் எழுத்திலிருந்து இருபதாம் எழுத்து வரை பெயர். அதில் ‘எஃப்’ 198, பற்றாது. அடுத்த ‘ஜி’ 325. அதுதான் நம் வால்வு.

சூத்திரம் சுலபம். எது அடைபட்டால் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே யோசிப்பதுதான், என்னைக் கேட்டால், பாதி வேலை.

‘பெரிசாவே இருக்கட்டுமே’ என்று 1,186 சதுர மில்லிமீட்டர் ‘கே’யை மாட்டினால்? திறந்ததும் அழுத்தம் பொத்தென விழும், ஸ்பிரிங் மூடும். மறுபடி ஏறும், திறக்கும். தடதடவென்று அடித்து, பளபளவென்று இழைத்த சீட்டில் தழும்பு விழும். பிறகு 10 பார் வரை காத்திருக்காமல் அது எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும்.