டீ குடித்தால் தொந்தி கரையுமா?

டீ குடித்தால் உடம்பில் உள்ள கொழுப்பு கரையும் என்கிறார்கள். 'கிரீன் டீ' என்னும் பச்சைத் தேயிலைப் பாக்கெட்டுகள் மளிகைக் கடை வரை வந்துவிட்டன. இது உண்மையா? அல்லது வியாபாரிகள் கட்டிவிட்ட கதையா?

கதை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி சொன்னது வேறு; விளம்பரம் சொல்வது வேறு.

அறைக்குள் 10 பேர்

சுவிட்சர்லாந்து நாட்டில் உள்ள ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 1999-ம் ஆண்டில் வெளியாயிற்று.

நல்ல உடல் நலம் உள்ள 10 ஆண்களை விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொருவரையும் ஒரு தனி அறையில் 24 மணி நேரம் இருக்கச் செய்தார்கள். அது சாதாரண அறை அல்ல. உள்ளே இருப்பவர் எவ்வளவு பிராணவாயுவை இழுக்கிறார், எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகிறார் என்பதைக் கருவிகள் அளந்துகொண்டே இருக்கும்.

மூச்சை அளப்பது எதற்கு? அடுப்பில் விறகு எரியக் காற்று வேண்டும் அல்லவா? அதுபோல உடம்புக்குள் சோறும் கொழுப்பும் எரியவும் காற்று வேண்டும். சோற்றில் உள்ள மாவுப்பொருள் எரிந்தால், உள்ளே போன பிராணவாயுவின் அளவுக்குக் கரியமில வாயு வெளியே வரும். கொழுப்பு எரிந்தால் அதைவிடக் குறைவாக வரும். மூச்சைப் பார்த்தே, எரிவது எது என்று கண்டுபிடித்துவிடலாம்!

ஒவ்வொருவருக்கும் 3 தடவை இந்தச் சோதனை நடந்தது. ஒரு தடவை பச்சைத் தேயிலைச் சாறு அடங்கிய மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு தடவை, அந்தச் சாற்றில் உள்ள அளவுக்குக் காபீன் மட்டும். மற்றொரு தடவை, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை.

தேயிலைச் சாறு சாப்பிட்ட நாளில், உடம்பு செலவழித்த சக்தி 100-க்கு 4 பங்கு கூடியது. கொழுப்பும் கூடுதலாக எரிந்தது. காபீன் மட்டும் சாப்பிட்ட நாளில் அப்படி நடக்கவில்லை. ஆகவே, தேயிலையில் துவர்ப்பைத் தரும் கேட்டசின் என்ற பொருளுக்கும் இதில் பங்கு உண்டு என்று தெரிந்தது.

கொழுப்பை எடுத்து எரிக்கும்படி உடம்புக்குக் கட்டளை இடுவது நார்அட்ரினலின் என்ற சுரப்பு. வேலை முடிந்ததும் உடம்பே அதை அழித்துவிடும். கேட்டசின் அந்த அழிவைத் தாமதப்படுத்துகிறது என்பது விஞ்ஞானிகள் கூறிய விளக்கம்.

வரவும் செலவும்

சரி, 4 பங்கு என்றால் எவ்வளவு? ஒரு நாளைக்குச் சுமார் 80 கலோரி. அவ்வளவுதான்! 20 நிமிடம் வேகமாக நடந்தாலே அது செலவாகிவிடும்.

அதுவும் மாத்திரையாகக் கொடுத்த பச்சைத் தேயிலைச் சாற்றின் கணக்கு. நம் வீட்டு டீத்தூள் அப்படிப்பட்டது அல்ல. இலையைக் கசக்கிக் காற்றுப்பட வைத்துக் கறுப்பாக்கும்போது, கேட்டசினில் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடுகிறது.

இனிச் சர்க்கரைக்கு வருவோம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை 16 கலோரி. ஒரு கோப்பைக்கு 2 தேக்கரண்டி. நாளைக்கு 4 கோப்பை. மொத்தம் 128 கலோரி! பால் கணக்கு தனி. டீயோடு உள்ளே போகும் வடையின் கணக்கைக் கேட்கவே வேண்டாம். தொந்தி எங்கே கரையும்?

எடை குறைந்ததா?

பச்சைத் தேயிலையைப் பல வாரங்கள் சாப்பிட்டவர்களின் எடை குறைந்ததா என்று பல நாடுகளில் சோதித்தார்கள். காக்ரேன் என்ற மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு அந்தச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, 2012-ல் முடிவு கூறியது. எடை குறைந்தது மிகச் சொற்பம். உடல் நலத்துக்குப் பயன்படும் அளவுக்கு அது இல்லை!

மாத்திரை ஆபத்து

டீயில் பலன் போதவில்லை என்று சிலர் தேயிலைச் சாற்று மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறார்கள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் இதை ஆராய்ந்தது. பச்சைத் தேயிலையில் உள்ள முக்கியமான கேட்டசினை, மாத்திரை வடிவில் நாள் ஒன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களிடம், கல்லீரல் பாதிக்கப்படுவதற்கான அறிகுறிகள் இரத்தச் சோதனையில் தெரிந்தன. வெந்நீரில் இலையைப் போட்டு வடிகட்டிக் குடிக்கும் பச்சைத் தேயிலை நீர் பொதுவாகப் பத்திரமானது என்றும் அந்த ஆணையம் தெரிவித்தது.