உங்களுக்குத் தெரியுமா? விரல் நுனி போனது, மெட்டல் இசை பிறந்தது!

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் உலோகத் தகட்டு ஆலையில் வேலை பார்த்த டோனி அயோமிக்கு, 17 வயதில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் சிக்கித் துண்டாயின. இடக்கைப் பழக்கமுள்ள அவர் கிடார் தந்தியை அழுத்துவது அந்த வலக்கையால்தான்! அவர் கிடாரைக் கைவிடவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். 1971-இல் தமது 'பிளாக் சபாத்' இசைக்குழுவின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துக்காகத் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். அந்தக் கனத்த ஒலிதான் பின்னால் வந்த அதிரடி மெட்டல் பாணிகளுக்கெல்லாம் அஸ்திவாரம். அவற்றில் சில:

● 1982: நியூகாசிலின் 'வெனம்' குழு வெளியிட்ட 'பிளாக் மெட்டல்' ஆல்பம் ஒரு பாணிக்கே பெயர் தந்தது. 1990-களில் நார்வே இளைஞர்கள் அதைத் தனி இசையாக வளர்த்தெடுத்தார்கள்.

● 1987: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தோன்றிய 'டெத்' குழுவின் முதல் ஆல்பம், உறுமும் குரலுக்குப் பேர்போன டெத் மெட்டலுக்கு வழிகோலியது.

● அதே ஆண்டு, பர்மிங்ஹாம் வட்டார 'நேபாம் டெத்' குழுவின் 'ஸ்கம்' ஆல்பம் கிரைண்ட்கோர் என்னும் அதிவேக மெட்டல் பாணியை நிலைநாட்டியது. அதிலுள்ள ஒரு பாடலின் நீளம் வெறும் 1.316 விநாடி. உலகின் மிகச் சிறிய பாடல் என்று கின்னஸில் இடம்பிடித்தது.

மெட்டல் இசையை இரைச்சல் என்று ஒதுக்காமல் ஒருமுறை காதுகொடுத்துக் கேளுங்கள். ஓர் ஆலைத் தொழிலாளியின் விடாமுயற்சி அதில் இருக்கிறது.